சிம்மாசனம் இழந்த ராஜகுமாரரும் குடியரசும்

பிறப்பினால் ஒருவனுக்கு ஒரு நாட்டை ஆளும் பாத்தியதை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாதவர்கள் நாம். அது சரியானால், பிறப்பின் காரணமாகவே ஒருவன் தன் சொந்த நாட்டில் கால் வைக்கலாகாது என்று ஒரு குடியரசு சட்டம் செய்யலாமா? ஐரோப்பாவிலே ஆஸ்திரியா தேசத்தார் இக்கேள்விக்கு விடை காண ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் தவித்தார்கள். அதன் பொருட்டு மந்திரி சபைகள் ஆட்டங் கண்டன. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நீதிமன்றமும் பார்லிமெண்டும் ஒன்றையொன்று முறைத்து நின்றன. இவ்வளவுக்கும் காரணமாயிருந்த மனிதர், 2011-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி, ஜெர்மனியின் பவேரியா மாகாணத்தில் ஏரிக்கரை ஓரத்து வீடொன்றில், 98-வது வயதில் காலமான ஓட்டோ ஹாப்ஸ்பர்க்.

அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் மத்திய ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வமிசத்தின் கடைசிப் பட்டத்து இளவரசர் இவர். 1912-ம் வருஷம் நவம்பர் மாதம் 20-ந் தேதி இவர் பிறந்தபோது, ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் சுமார் ஐந்து கோடி ஜனங்கள் வாழ்ந்தனர். ஜெர்மானியர், மகியார், செக், ஸ்லோவாக், போலிஷ், உக்ரேனியர், ருமேனியர், குரோவாட்டியர், செர்பியர், ஸ்லோவீனியர், இத்தாலியர் என்று இனங்கள் பல, கிரீடம் ஒன்று. கிழட்டுச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோஸப் 1848 முதல் அரியணையில் இருந்தார். குழந்தை ஓட்டோவுக்கு அவர் பெரிய கொள்ளுப்பாட்டனார் முறை.

1914 ஜூன் 28-ந் தேதி சரயேவோ நகரில் பட்டத்துக்குரிய பிரான்ஸ் பெர்டினாண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் விளைவு உலகமறியும். அந்தத் துப்பாக்கியின் எதிரொலி மூன்று மாதத்துக்குள் சென்னைத் துறைமுகத்தையும் எட்டிற்று. செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் கப்பல் நம் கடற்கரையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திப் போட்டதைப் பெரியவர்கள் வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள். சரயேவோச் சம்பவத்தால் ஓட்டோவின் தகப்பனார் கார்ல் பட்டத்துக்குரியவரானார். 1916 நவம்பர் 21-ந் தேதி கிழவர் கண்ணை மூடவே, நான்கு வயது நிரம்பி ஒரு நாளே ஆகியிருந்த ஓட்டோ பட்டத்து இளவரசரானார். வியன்னாவின் சவ ஊர்வலத்திலே, கறுப்புடை தரித்த தாய் சீதாவுக்கும் தகப்பனாருக்கும் நடுவே வெள்ளை உடுப்புடன் நடந்து செல்லும் சிறுவனின் படம் பிரசித்தமானது. அதற்கடுத்த மாதம் 30-ந் தேதி புடாபெஸ்டு நகரில் கார்ல் ஹங்கேரி மன்னராக முடி சூடினார். அந்தச் சாம்ராஜ்யம் கண்ட கடைசி முடிசூட்டு விழா அதுவே.

சாம்ராஜ்யம் எப்படியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய வியன்னாவின் சங்கீதத்தையும் காப்பிக்கடைகளையும் நினைத்து உருகுகிறவர்கள் இன்றும் ஐரோப்பாவில் பலர் உண்டு. ஆனால் வியன்னாப் பார்லிமெண்டில் அங்கத்தினராயிருந்த இத்தாலிய தேசாபிமானி செஸாரே பாட்டிஸ்டியை 1916 ஜூலையில் அவர் பிறந்த டிரெண்டோ நகரிலேயே தூக்கிலிட்டதும் அதே சாம்ராஜ்யந்தான். செக் தலைவர் காரெல் கிராமாருக்கு அதே வருஷத்தில் ராஜத்துரோகக் குற்றம் சாட்டி மரண தண்டனை விதித்தார்கள். கார்ல் பட்டத்துக்கு வந்தபின் அத்தண்டனை நிறைவேறவில்லை. 1917 ஜூலை 2-ந் தேதி, மூத்த குமாரன் ஓட்டோவின் பெயருக்குரிய திருநாளையொட்டி, அரசியல் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். அதனால் விடுதலையான கிராமார், பதினாறு மாதங்களுக்குப் பின் சுதந்திரச் செக்கோஸ்லோவாகியாவின் முதல் பிரதம மந்திரியானார்! அடிமைப்பட்ட ஜனங்கள் கேட்பது அரசனின் தயவை அல்ல என்பதைக் கார்ல் அறியக் காலம் கடந்துவிட்டது. நல்லெண்ணமுள்ள மனிதர், ஆனால் கால்வாசி கொடுத்தால் போதும் என்று நினைத்த வேளையில் ஜனங்கள் முழுவதையும் கேட்டனர்.

1918 நவம்பர் 11-ந் தேதி ஷோன்புருன் அரண்மனையில் கார்ல் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டார். அரசாங்க அலுவல்களில் இனித் தமக்குப் பங்கில்லை என்று அதில் கண்டிருந்ததே தவிர, முடி துறந்ததாக ஒரு வார்த்தையும் இல்லை. மறுநாள் குடியரசு பிரகடனமாயிற்று. 1919 மார்ச்சு 24-ந் தேதி, குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குப் போகும் வழியில், எல்லைக்கு அருகேயுள்ள பெல்ட்கிர்ச்சு என்னும் ஊரிலிருந்து தம் பழைய வார்த்தையையும் மறுத்து ஓர் அறிக்கை விடுத்தார். வியன்னாவின் புதிய சர்க்கார் பொறுக்கவில்லை. ஏப்ரல் 3-ந் தேதி ஹாப்ஸ்பர்க் சட்டம் நிறைவேறியது. கார்லுக்கு நிரந்தர தேசப் பிரஷ்டம். குடும்பத்தில் மற்றவர்கள், வமிச உரிமைகளை விட்டுக்கொடுத்துக் குடியரசுக்கு விசுவாசமுள்ள பிரஜைகளாக இருப்போம் என்று ஒப்புக்கொண்டாலன்றி நாட்டில் இருக்கலாகாது. வமிசப் பொதுச்சொத்துக்கள் பறிமுதல். அதே நாளில் பிரபுப் பட்டங்கள் யாவும் ஒழிக்கப்பட்டு, பெயருக்கு முன்னே ஒட்டிக்கொண்டிருந்த 'பான்' என்னும் அடைமொழியும் தடை செய்யப்பட்டது. அன்று ஓட்டோவுக்கு வயது ஆறு.

ஒரு குடியரசு ஆறு வயதுச் சிறுவனைக் கண்டு அஞ்சுவதா என்று சிரிப்பவர்கள் 1921-ம் வருஷத்துச் செய்திகளைப் பார்க்க வேண்டும். கார்ல் ஹங்கேரி அரியணையை மீட்க அந்த ஒரே வருஷத்தில் இரண்டு முறை புறப்பட்டார். மார்ச்சில் ரகசியமாகச் சென்றவரை, அரசப் பிரதிநிதி என்ற பட்டத்துடன் ஹங்கேரியை ஆண்ட ஹோர்த்தி திருப்பியனுப்பினார். அக்டோபரில் ஆகாய விமானத்தில் வந்து இறங்கித் துருப்புக்களுடன் புடாபெஸ்டு நோக்கி ரயிலேறினார்; நகருக்கு வெளியே துப்பாக்கிப் பிரயோகம் நடந்து உயிர்ச்சேதமும் ஆயிற்று. செக்கோஸ்லோவாகியாவும் யுகோஸ்லாவியாவும் ருமேனியாவும் சேர்ந்து செய்துகொண்ட உடன்படிக்கைகளுக்கு ஹங்கேரியின் எல்லைக் கோரிக்கைகளைப் பற்றிய அச்சமும் ஹாப்ஸ்பர்க் திரும்பிவிடுவார் என்ற அச்சமுமே மூலகாரணம். விடுதலை பெற்று மூன்று வருஷமே ஆன சிறு தேசங்கள் பழைய எஜமானனின் வண்டிச் சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிட்டதில் பிழை என்ன? நாம் அவர்கள் பக்கத்திலேயே நிற்போம்.

நேச நாட்டார் கார்லையும் சீதாவையும் போர்த்துகலுக்குச் சொந்தமான மடீராத் தீவில் கொண்டுபோய் விட்டனர். பணமுடை. ஹோட்டலில் தங்க வழியின்றி, மலைமேல் மோண்டே என்னும் இடத்தில் ஒருவர் இரவலாகக் கொடுத்த வீட்டில் குடியேறினர். பனியும் ஈரமும் நிறைந்த அவ்வீட்டில் நிமோனியா கண்டு 1922 ஏப்ரல் 1-ந் தேதி கார்ல் இறந்தார், வயது 34. ஒரு மன்னனும் கத்தோலிக்கனும் எப்படி இறக்க வேண்டும் என்பதை மகன் காணட்டும் என்று ஒன்பது வயது ஓட்டோவை மட்டும் படுக்கையருகே அழைத்துவரச் செய்தார்கள். சீதா அப்போது எட்டாவது குழந்தையைக் கர்ப்பத்தில் தாங்கியிருந்தார். கணவன் இறந்தபின் 67 ஆண்டுகள் வாழ்ந்த அந்த அம்மாள் கடைசிவரை கறுப்புடையை மாற்றவில்லை.

ஸ்பெயின் மன்னர் அல்பான்ஸோவின் ஆதரவில் பாஸ்க் நாட்டுக் கடற்கரை ஊரான லெக்கேட்டியோவிலும், பின்னர் பெல்ஜியத்தில் ஸ்டீனோகர்ஸீல் கோட்டையிலும் அக்குடும்பம் வாழ்ந்தது. சீதா மகனை வருங்காலச் சக்கரவர்த்தியாகவே வளர்த்தார். ஆஸ்திரியப் பாடத்திட்டம் ஒருபுறம், ஹங்கேரியப் பாடத்திட்டம் ஒருபுறம். அத்தனை பிரஜைகளோடும் பேச வேண்டுமே என்று பல பாஷைகள். இல்லாத ராஜ்யத்துக்குச் செய்த இந்தத் தயாரிப்பு வீண் என்றே அன்று யாரும் நினைத்திருப்பர். அந்தப் பாஷைகளே அறுபது வருஷத்துக்குப் பின் வேறொரு சபையில் அவருக்குப் பயன்பட்டன. லூவேன் சர்வகலாசாலையில் 1935-ல் டாக்டர் பட்டம் பெற்றார். உண்மையில் அவர் உழைத்துப் பெற்ற முதல் பட்டம் அதுதான்.

இனி ஹிட்லர் விஷயம். ஓட்டோவின் வாழ்க்கையில் எவரும் குறை சொல்ல முடியாத பகுதி இது. 1932-33 குளிர்காலத்தில் அவர் பெர்லின் நகரில் படித்துக்கொண்டிருந்தபோது, அவரைத் தம் வசமாக்க நாஜிகள் விரும்பினர். ஹிட்லரைச் சந்திக்க அவர் மறுத்துவிட்டார். ஆஸ்திரியக் கிராமங்களிலோ அக்காலத்தில் அவருக்குச் செல்வாக்கு வளர்ந்தது. 1,600-க்கும் அதிகமான ஊர்கள் அவரைக் கௌரவப் பிரஜையாக்கித் தீர்மானம் செய்தன. 1937-ல் ஜெர்மன் ராணுவம் வகுத்த திட்டமொன்று, ஆஸ்திரியாவில் முடியாட்சி திரும்புமானால் உடனே படையெடுப்பதற்கானது. அதற்கு அவர்கள் வைத்த ரகசியப் பெயரே 'ஓட்டோ' என்பது.

1938 பிப்ரவரியில் பிரதம மந்திரி ஷுஷ்னிக் ஹிட்லரிடம் சென்று மிரட்டலுக்கு இணங்கித் திரும்பினார். அம்மாதம் 17-ந் தேதி ஓட்டோ அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஜெர்மனிக்கு இனி ஒரு சலுகையும் தரலாகாது, நெருக்கடியைத் தாங்க இயலாதென்றால் பிரதம மந்திரி பதவியைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும், முடியாட்சியைத் திருப்பும்படி தாம் கேட்கவில்லை. இருபத்தைந்து வயது வாலிபரின் கடிதம் இது. ஷுஷ்னிக் மறுத்தார். மார்ச்சு 12-ந் தேதி ஜெர்மன் துருப்புக்கள் ஒரு குண்டும் வெடிக்காமல் எல்லையைத் தாண்டின. ஓட்டோ ஆட்சியேற்றிருந்தால் நாடு தப்பியிருக்குமா? நமக்கு நம்பிக்கையில்லை. 1934 பிப்ரவரியில் சமதர்மத் தொழிலாளரைப் பீரங்கி கொண்டு நசுக்கிய சர்க்கார், ஆபத்து வந்த நாளில் அதே தொழிலாளரை அரண் காக்க அழைக்க இயலுமா? ஆயினும், அண்டை நாட்டு மந்திரிகளெல்லாம் சமாதானம் சமாதானம் என்று ஜபம் செய்துகொண்டிருந்த வேளையில் எதிர்த்து நிற்கவேண்டுமென்று எழுதினவர் அவர்.

நாஜிகள் அவர்மீது ராஜத்துரோக வாரண்டு பிறப்பித்தார்கள். சரயேவோவில் மாண்ட பிரான்ஸ் பெர்டினாண்டின் புதல்வர் இருவரும் டாக்கவ் சிறைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1940 மே 10-ந் தேதி ஜெர்மானியர் பெல்ஜியத்தின்மீது பாய்ந்தபோது ஹாப்ஸ்பர்க் குடும்பம் ஓடத் தொடங்கியது. பிரான்ஸ் தேசத்தின் போர்டோ நகரில் போர்த்துகீசியக் கான்சலாயிருந்த அரிஸ்டிடிஸ் டி சோஸா மெண்டிஸ், தம் சர்க்காரின் கட்டளையை மீறி ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு விசா எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். யூத ஏழைகளுக்கும் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கும் ஒரே கை, ஒரே முத்திரை. அந்த உத்தமர் பின்னர் பதவியிழந்து வறுமையில் மாண்டார் என்பதையும் இங்கே குறிப்பது கடமை.

அமெரிக்காவில் ஓட்டோ ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைச் சந்தித்து ஆஸ்திரியாவுக்காக வாதாடினார். ஆஸ்திரியர்களைக் கொண்டு ஒரு பட்டாளம் திரட்டும் முயற்சியும் நடந்தது. ஹாப்ஸ்பர்க் கொடியின்கீழ் நிற்கமாட்டோம் என்று அகதிகளில் பலர் விலகிக்கொள்ளவே அது சில மாதங்களில் கலைந்தது. யுத்தம் முடிந்து 1945-ல் டிரோல் பிரதேசத்துக்குத் திரும்பியவரைக் குடியரசு வெளியேறச் சொல்லிற்று. நாஜிகளின் வாரண்டு போயிற்று. 1919-ம் வருஷத்துச் சட்டம் மட்டும் திரும்பி வந்தது. 1955-ல் நான்கு வல்லரசுகளும் ஆஸ்திரியாவுக்குச் சுதந்திரம் கொடுத்த ஒப்பந்தத்தில், ஹாப்ஸ்பர்க் சட்டத்தை மாற்றலாகாது என்பதும் ஒரு நிபந்தனை!

இந்த நிலையில் உலகத்துக்கே ஒரு விசித்திரமான பாஸ்போர்ட்டு உண்டாயிற்று. 1956-ல் கீழ் ஆஸ்திரிய மாகாண சர்க்கார் அவரை ஆஸ்திரியப் பிரஜை என்று ஒப்புக்கொண்டது. 1957-ல் உள்நாட்டு மந்திரி இலாகாவும் இசைந்தது. பெயர் 'டாக்டர் ஓட்டோ ஹாப்ஸ்பர்க்-லோத்ரிங்கன்'. அந்தப் பாஸ்போர்ட்டு எல்லாத் தேசங்களுக்கும் செல்லும், ஆஸ்திரியா ஒன்று நீங்கலாக.

அவர் 1951-ல் ரெஜினா என்னும் ஜெர்மன் ராஜகுமாரியை மணந்து, 1954 முதல் பவேரியாவில் ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கருகே பூக்கிங் என்ற ஊரில் குடியிருந்தார். புத்தகங்களும் பத்திரிகைக் கட்டுரைகளும் எழுதி, ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காத்தார். பெண்கள் ஐவர், 1961 ஜனவரியில் முதல் ஆண்மகவு பிறந்தது. வாரிசு பிறந்த நாலு மாதத்திலே, மே மாதம் 31-ந் தேதி, தகப்பன் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். நம் குடும்பங்களில் பாகப்பிரிவினையின்போது எழுதுகிற அதே ரகம்: வமிசத்தில் தமக்குள்ள அங்கத்தினர் உரிமையையும் அதன்வழி வரும் ஆளும் பாத்தியதைகளையும் விட்டுவிட்டதாகவும், குடியரசின் விசுவாசமுள்ள பிரஜையாக இருப்பதாகவும் கையொப்பமிட்டார். தாயார் சீதா அத்தகைய பத்திரத்தில் ஒருகாலும் கையெழுத்திடவில்லை.

விவகாரம் அதோடு முடியும் என்று யாரும் நினைப்பர். ஆனால் அப்போதுதான் ஆரம்பித்தது. மக்கள் கட்சியும் சமதர்மக் கட்சியும் சேர்ந்து நடத்திய கூட்டு மந்திரி சபை, இந்த வாக்குமூலம் போதுமா போதாதா என்று முடிவு செய்ய முடியாமல் பிளவுபட்டது. 1963 மே மாதத்தில் நிர்வாக நீதிமன்றம் போதும் என்று தீர்ப்பளித்தது. சமதர்மக் கட்சியார் கொதித்தனர். நீதிபதிகள் தம் எல்லையைக் கடந்து பார்லிமெண்டின் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டனர் என்பது அவர்கள் வாதம். அவர் திரும்புவது விரும்பத்தக்கதன்று என்று பார்லிமெண்டில் தீர்மானம் நிறைவேறியது. நீதிமன்றம் வரலாம் என்கிறது. ஜனசபை வேண்டாம் என்கிறது. 1966 தேர்தலில் மக்கள் கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றபின்தான் அவர் கைக்கு ஆஸ்திரியாவுக்கும் செல்லத்தக்க பாஸ்போர்ட்டு வந்தது. அவ்வருஷம் அக்டோபர் 31-ந் தேதி, பழைய வமிசத்தார் கல்லறையொன்றைத் தரிசிக்க இன்ஸ்புரூக் நகருக்குச் சில மணி நேரம் வந்து திரும்பினார். தொழிலாளர் பெருந்திரளாக வேலைநிறுத்தம் செய்து கண்டித்தனர்.

இத்தகராறில் நியாயம் யார் பக்கம்? தொழிலாளரின் கோபத்தை அற்பமென்று தள்ள நாம் தயாராயில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஐம்பது பிராயம் கடந்த எழுத்தாளர் ஒருவர் அல்லர். 1914-ன் யுத்தமும் 1934-ன் பீரங்கியும் அந்தப் பெயரோடு சேர்ந்து நினைவுக்கு வந்தன. ஓட்டோவும் டால்பஸ் சர்க்காரைப் பற்றிக் கண்டனம் சொன்னவரல்லர். ஸ்பெயினில் பிராங்கோ கொடுத்த ராஜீயப் பாஸ்போர்ட்டில் உலகம் சுற்றினவர். ஆனாலும் சட்டம் ஒரு நிபந்தனை விதித்து, அந்த மனிதர் அதற்குக் கட்டுப்பட்டு எழுதிக்கொடுத்து, நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டபின், பெரும்பான்மையின் கைதூக்கலைக் கொண்டு அவரைத் தடுப்பது குடியரசுக்கு அழகன்று. சட்டம் பிடிக்காதவனுக்கும் அதே சட்டந்தான் என்பதற்காகத்தானே முடியாட்சியை ஒழித்தோம் என்கிறோம்? நம் தேசத்தில் 1971-ல் மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் 26-வது திருத்தத்தால் ஒழித்தபோது எந்த மகாராஜாவையும் எல்லைக்கு அப்பால் துரத்தவில்லை. பழைய சமஸ்தானாதிபதிகள் வோட்டுக் கேட்டு வாசல்தோறும் வந்தார்கள். ஜனங்கள் சிலரை ஜெயிக்கவும் சிலரைத் தோற்கவும் செய்தார்கள்.

ஆஸ்திரியாவிலும் வைராக்கியம் மெள்ளத் தணிந்தது. 1972 மே மாதத்தில் வியன்னாவில் நடந்த ஒரு கூட்டத்தில் சமதர்மக் கட்சிப் பிரதம மந்திரி புரூனோ கிரைஸ்கி, ஓட்டோவின் கையைக் குலுக்கினார். 1982-ல் சீதாவும் எந்தப் பத்திரமும் எழுதாமலே, 63 ஆண்டுகளுக்குப் பின், வியன்னாவைக் கண்டார். அவரை வரவேற்ற தேசத்தில் அப்போது ஆட்சி செய்தவரும் அதே கிரைஸ்கிதான்.

1978-ல் ஓட்டோ ஜெர்மன் பிரஜையுமானார். மறுவருஷம் ஐரோப்பியப் பார்லிமெண்டுக்கு முதன்முதலாக ஜனங்களே வோட்டளித்துத் தேர்ந்தெடுத்தபோது, பவேரியக் கட்சியொன்றின் சார்பில் அங்கத்தினரானார். 1999 வரை இருபது வருஷம் அப்பதவியில் இருந்தார். ஆஸ்திரியா அப்போது அந்தச் சமூகத்தில் சேரவேயில்லை. பூர்விக ராஜ்யத்தில் வோட்டுக் கேட்க வழியில்லாதவர், பக்கத்து நாட்டு விவசாயிகளின் வோட்டில் உட்கார்ந்தார். கம்யூனிஸ்டுத் திரைக்கு அப்பாலுள்ள ஹங்கேரியரும் செக்கரும் போலிஷ்காரரும் ஐரோப்பியரே என்று ஓயாமல் வாதித்தார். வர இயலாத அவர்களுக்காகச் சபையிலே ஒரு நாற்காலி காலியாக வைக்கப்பட வேண்டும் என்று கோரினார். 1988 அக்டோபரில் போப்பாண்டவர் அச்சபையில் பேசியபோது, வட அயர்லாந்துப் பாதிரி அங்கத்தினர் இயன் பெய்ஸ்லி கூச்சலிட்டுப் பதாகையைத் தூக்கினார். அவரைப் பிடித்து வெளியேற்றியவர்களில் 76 வயதை எட்டிக்கொண்டிருந்த ஓட்டோவும் ஒருவர். சக்கரவர்த்தி குடும்பத்து ரத்தம் அன்று கொஞ்சம் சூடேறிவிட்டது போலும்!

அவர் தலைமை வகித்த சர்வ ஐரோப்பிய ஐக்கிய சங்கத்தின் பெயர் சரித்திரத்தில் நிற்கப்போவது ஒரு வனபோஜனத்தால். 1989 ஜூனில் ஹங்கேரியின் டெப்ரெட்ஸென் நகரில் ஓட்டோ பேசிய கூட்டத்துக்குப் பின் நடந்த விருந்தில் இந்த யோசனை பிறந்தது. எல்லைக்கோட்டிலேயே இரு நாட்டாரும் கூடி உண்பது. அதற்காகச் சில மணி நேரம் கதவைத் திறந்து வைப்பது. ஓட்டோவும் ஹங்கேரிய மந்திரி இம்ரே போஸ்கையும் போஷகர்கள். ஆகஸ்டு 19-ந் தேதி, ஷோப்ரோன் நகருக்கருகே, வருஷக்கணக்காக மூடிக்கிடந்த மரக்கதவு ஒன்றின் அருகே கூட்டம் சேர்ந்தது. ஓட்டோ நேரில் வரவில்லை. அவர் செய்தியோடு மகள் வால்புர்கா வந்திருந்தார். விடுமுறைக்கு ஹங்கேரி வந்திருந்த கிழக்கு ஜெர்மானியர் துண்டுப் பிரசுரங்களைக் கண்டு திரண்டு வந்து, கதவைத் தள்ளிக்கொண்டு ஆஸ்திரியாவுக்குள் ஓடினர். காவல் அதிகாரி அர்பாட் பெல்லா சுடும்படி உத்தரவிடவில்லை. அறுநூறு பேருக்கு மேல் அன்று அக்கரை சேர்ந்தனர். செப்டம்பர் 11-ந் தேதி ஹங்கேரி எல்லையை முழுவதும் திறந்தது. நவம்பர் 9-ந் தேதி பெர்லின் சுவர் விழுந்தது. சுவரை வீழ்த்தினவர் ஓட்டோ என்று அவர் அன்பர்கள் சொல்வது மிகை. டெப்ரெட்ஸென் வாலிபர்களின் உழைப்பும், புடாபெஸ்டு மந்திரிகளின் துணிவும், மாஸ்கோவின் மௌனமும் இல்லாமல் அது நடந்திராது. ஆனால் 1921-ல் தகப்பனார் பட்டாளத்தோடு வந்து திறக்க முடியாமற்போன ஹங்கேரியின் கதவு, மகன் பெயரைத் தாங்கிய ஒரு விருந்துக்குத் திறந்தது என்பது உண்மை.

முதுமையில் அவர் செய்த ஒரு பிரசங்கத்தையும் மறைப்பதற்கில்லை. ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கவர்ந்த 70-வது வருஷ நினைவாக 2008 மார்ச்சில் வியன்னாப் பார்லிமெண்டுக் கட்டடத்தில் மக்கள் கட்சியார் கூட்டம் நடத்தினர். அதில் பேசிய ஓட்டோ, பலியான நாடு என்று சொல்லிக்கொள்ள ஆஸ்திரியாவைவிட அதிக உரிமையுள்ள தேசம் ஐரோப்பாவில் இல்லை என்று சாதித்தார். 1938-ல் ஹிட்லரை வரவேற்கச் சதுக்கத்தில் குழுமிய பெருங்கூட்டத்தைக் கால்பந்தாட்டத்துக்குக் கூடும் கூட்டத்தோடு ஒப்பிட்டார். வியன்னாத் தெருக்களை மண்டியிட்டுத் தேய்க்கும்படி யூதர்கள் கட்டாயப்படுத்தப்பட்டதைக் கண்டு சிரித்த அக்கம்பக்கத்தார் எந்த ஆட்டம் பார்க்க வந்தவர்கள்? 1991-லேயே பிரதம மந்திரி விரானிட்ஸ்கி தம் நாட்டாரின் பொறுப்பைப் பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டிருந்தார். நாஜிகளை நேருக்கு நேர் எதிர்த்தவரே இப்படிப் பேசியது வருந்தத்தக்கது. தன் ஜனங்கள் தவறு செய்யமாட்டார்கள் என்று நம்புவது பழைய ராஜாக்களின் பலவீனம் போலும். நம்மிலும் அந்த நோய் உண்டு.

பழைய அரசகுலத்தார் ஜனாதிபதி தேர்தலுக்கு நிற்கலாகாது என்றிருந்த ஷரத்தை ஆஸ்திரியப் பார்லிமெண்டு 2011-ல் நீக்கியது. அவ்வருஷம் ஜூலை 16-ந் தேதி வியன்னாவின் ஸ்டீபன் தேவாலயத்தில் ஓட்டோவுக்கு இறுதிச் சடங்கு நடந்தது. குடியரசின் ஜனாதிபதி ஹைன்ஸ் பிஷரும் சமதர்மக் கட்சிப் பிரதம மந்திரியும் முன்வரிசையில் அமர்ந்திருக்க, பழைய சக்கரவர்த்தி கீதம் பாடப்பட்டது. ஜனாதிபதி அங்கே இருக்கலாமா என்று மறுநாள் பத்திரிகைகளில் வாதம் எழுந்தது; எழுந்தது நல்லதே.

ஹாப்ஸ்பர்க் வமிசத்தாரை அடக்கம் செய்யும் கப்புசின் துறவிகளின் நிலவறை வாசலில் ஒரு வழக்கம் உண்டு. கதவு மூடியிருக்கும், கோலால் தட்டுவார்கள், யார் என்று உள்ளிருந்து துறவி கேட்பார். முதல் தடவை ஓட்டோவின் ராஜபட்டங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அவரை அறியோம் என்று விடை வந்தது. இரண்டாம் தடவை டாக்டர் பட்டத்தையும் பார்லிமெண்டுப் பதவியையும் பெற்ற விருதுகளையும் சொன்னார்கள். அப்போதும் அறியோம் என்றார்கள். மூன்றாம் தடவை, ஓட்டோ, சாகும் விதியுள்ள ஒரு பாவி என்றதும் கதவு திறந்தது. மறுநாள் அவர் இருதயத்தை ஹங்கேரியின் பன்னொன்ஹல்மா மடத்தில் புதைத்தார்கள். தாய் சீதா 1989 முதல் அந்த வியன்னா நிலவறையிலேயே துயில்கிறார். தகப்பனார் கார்லின் சரீரம் மட்டும், மடீராத் தீவில், மோண்டே மாதா கோயிலில் இருக்கிறது.